விட்டத்தைப் பார்த்துக் கற்ற பாடம்: தொய்ந்த கூரை உத்தரத்தை வலுப்படுத்துதல்

முன்னுரை

“சும்மா விட்டத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காதே” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வது உண்டு. விட்டம் என்பது வீட்டின் குறுக்கே கிடந்து மேலிருக்கும் சுமையைத் தாங்கும் மரம். அதையே உத்தரம் என்றும் சொல்வார்கள். விட்டத்தைப் பார்ப்பது வெட்டி வேலை என்பதே அந்தப் பேச்சின் உட்பொருள். ஆனால், என் பாட்டி கட்டிலில் படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் எங்கள் குடும்பத்தில் ஓர் ஆபத்து தவிர்க்கப்பட்டது.

பாட்டியின் வீடு கிள்ளான் பள்ளத்தாக்கில் 1980களில் கட்டப்பட்ட ஒற்றை மாடி வரிசை வீடு. அங்கே தண்ணீர்த் தடை புதிதன்று. 1998ஆம் ஆண்டுத் தண்ணீர் நெருக்கடியின்போது வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்காகக் காத்திருந்த கதையைப் பாட்டி இன்றும் சொல்வார். அந்தப் பயத்தில், சீலிங்குக்கு மேலே இருந்த 50 கேலன் தண்ணீர்த் தொட்டியை அகற்றிவிட்டு, 150 கேலன் தொட்டி ஒன்றை அதே இடத்தில் வைத்தோம். மூன்று ஆண்டுகளில் பாட்டியின் அறைச் சீலிங் நடுவில் வயிறு தள்ளியதுபோல் இறங்கிவிட்டது.

மாமா ஒரு குத்தகையாளரை அழைத்தார். அவர் சீலிங்கில் இருந்த சிறு வாசல் வழியாக ஏறி, தொட்டியைத் தாங்கும் இரண்டு உத்தரங்களின் நடுப்பகுதியிலும் நான்கு அடிப் பலகைகளை வைத்து ஆணி அடித்தார். கூலி 400 ரிங்கிட். ஆறு மாதம் கழித்து நான் விடுமுறைக்குப் போனபோது பாட்டி கேட்டார்: “ஏம்மா, நீதானே கட்டடம் கட்டுற படிப்பு படிக்கிற? கொஞ்சம் மேல பாரு. போன மாசத்தைவிட இன்னும் இறங்கியிருக்கு.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. உத்தரங்களைப் பற்றி இரண்டு தேர்வுகள் எழுதியிருந்தேன். ஆனால், என் தலைக்கு மேலிருந்த உத்தரத்தை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்று தொடங்கிய தேடலில் கற்றதை, பொறியியல் படிக்காத நண்பர்களுக்கும் புரியும் வகையில் இக்கட்டுரையில் தர முயன்றுள்ளேன்.

1. உத்தரம் எப்படிச் சுமையைத் தாங்குகிறது?

ஒரு நெகிழி அடிக்கோலை எடுத்து இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல் படுக்க வைத்து, நடுவில் விரலால் அழுத்துங்கள். எளிதாக வளையும். அதே அடிக்கோலை விளிம்பில் நிறுத்திவைத்து அழுத்துங்கள். அசைந்து கொடுக்காது. பொருள் ஒன்றுதான்; நிற்கும் விதம்தான் வேறு. இந்த உண்மையைக் கலிலியோ 1638ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலிலேயே ஆராய்ந்திருக்கிறார்.

காரணம் இதுதான். சுமை ஏறியதும் உத்தரம் கீழ்நோக்கி வளைகிறது. அப்போது அதன் மேற்பகுதி இழைகள் நெருக்கப்படுகின்றன, இது அமுக்கம். கீழ்ப்பகுதி இழைகள் இழுக்கப்படுகின்றன, இது இழுவை. நடுவில் உள்ள இழைகள் ஏறக்குறைய இரண்டுக்கும் உட்படாமல் இருக்கின்றன. எனவே, மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி இருக்கின்றனவோ அவ்வளவு நன்றாக உத்தரம் வளைவை எதிர்க்கும்.

செவ்வக வடிவ உத்தரத்திற்கு இரண்டு எளிய விதிகளை நினைவில் வைத்தால் போதும்:

• முறியாமல் தாங்கும் வலிமை, அகலத்தோடும் உயரத்தின் இருமடியோடும் வளர்கிறது.
• தொய்யாமல் நிற்கும் விறைப்பு, அகலத்தோடும் உயரத்தின் மும்மடியோடும் வளர்கிறது.

2 அங்குலத்திற்கு 6 அங்குலம், அதாவது 50 மி.மீ. அகலமும் 150 மி.மீ. உயரமும் கொண்ட பலகையை எடுத்துக்கொள்வோம். அதைப் படுக்க வைப்பதைவிட நிறுத்தி வைத்தால் வலிமை 3 மடங்கும் விறைப்பு 9 மடங்கும் ஆகும். அதே பணம், அதே மரம். தொய்ந்த உத்தரத்தின் அடியில் ஒரு பலகையைப் படுக்கையாக வைத்து ஆணி அடிப்பது ஏன் பெரிய பயன் தருவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

மூன்றாவது விதி நீளம் பற்றியது. இரண்டு தாங்கிகளுக்கு இடைப்பட்ட தூரம் கூடும்போது தொய்வு மிக வேகமாகக் கூடுகிறது. சீராகப் பரவிய சுமையானால், தொய்வு நீளத்தின் நான்மடியோடு வளரும். 3 மீட்டர் தூரம் 3.6 மீட்டர் ஆனால், நீளம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. தொய்வோ இரு மடங்காகிறது. ஹாலைப் பெரிதாக்க நினைத்து நடுச்சுவரை இடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுவர் மேலிருக்கும் உத்தரத்திற்குத் தாங்கியாக இருந்திருக்கக்கூடும்.

2. தொய்வுக்கு முதலில் காரணம் காண வேண்டும்

காய்ச்சல் வந்தவருக்குக் காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பதில்லை. உத்தரத்திற்கும் அப்படியே. தொய்வுக்குப் பொதுவாக ஐந்து காரணங்கள் உண்டு.

முதலாவது, கூடுதல் சுமை. தண்ணீர்த் தொட்டி, பழைய தட்டுமுட்டுச் சாமான்கள், தகரக் கூரையை மாற்றி ஓடு போடுவது ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாவது, கரையான். நம் நாட்டு நகர்ப்புற வீடுகளில் பெரும் சேதம் செய்பவை நிலத்தடிக் கரையான்கள். மண்ணிலிருந்து சுவர் வழியாக மண்குழாய் கட்டிக்கொண்டு கூரை வரை ஏறும். மரத்தின் வெளித்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்பதால், பார்வைக்கு மரம் முழுமையாகவே தோன்றும். திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தால் வெற்றொலி கேட்கும். முனையால் குத்தினால் உள்ளே இறங்கிவிடும்.

மூன்றாவது, ஈரத்தால் உண்டாகும் உளுத்தல். மரத்தின் ஈரப்பதம் ஏறக்குறைய 20 விழுக்காட்டிற்கு மேல் நீடித்தால் பூஞ்சை வளர இடம் கிடைக்கிறது. கூரை ஒழுகும் இடத்தையும், உத்தரத்தின் முனை செங்கல் சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தையும் முதலில் பார்க்க வேண்டும். நடுப்பகுதி நன்றாக இருந்து முனை உளுத்துப்போன உத்தரங்கள் நிறைய உண்டு.

நான்காவது, வெட்டும் துளையும். குழாய் போடுபவரும் மின்கம்பி இழுப்பவரும் வழியில் இருக்கும் மரத்தை வெட்டிவிட்டுப் போவார்கள். 150 மி.மீ. உயர உத்தரத்தின் அடியில் 25 மி.மீ. வெட்டினால் அந்த இடத்தில் வலிமை ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும். வெட்டின் மூலையில் விசை குவிந்து பிளவு தொடங்குவதால், உண்மை இழப்பு இன்னும் அதிகம். துளை போட்டே ஆகவேண்டுமானால் உயரத்தின் நடுப்பகுதியில் சிறிதாகப் போடுவதே பாதுகாப்பு.

ஐந்தாவது, மரத்தின் இயல்பு. மரம் நீண்டகாலச் சுமையின் கீழ் மெல்ல மெல்ல மேலும் வளைந்துகொண்டே போகும். இதனைத் தவழ்வு என்பர். சுமை ஏற்றிய அன்று கண்ட தொய்வு சில ஆண்டுகளில் இரு மடங்காவதும் உண்டு. தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிறைந்தே இருப்பதால் அது தவழ்வுக்கு ஏற்ற சுமை.

இவற்றோடு மரத்தின் இனமும் முக்கியம். மலேசியத் தரநிலையான எம்எஸ் 544, உள்நாட்டு மரங்களை வலிமைக்கேற்ப ஏழு பிரிவுகளாக வகுக்கிறது. செங்கால், பாலாவ் போன்றவை முதல் பிரிவில் இருக்கின்றன. இலேசான சிவப்பு மெராந்தி கீழ்ப்பிரிவில் இருக்கிறது. “மரம்” என்று பொதுவாகச் சொல்லிக் கணக்குப் போட முடியாது.

பாட்டி வீட்டில் நானும் மாமாவும் கைவிளக்கோடு ஏறிப் பார்த்தோம். மண்குழாய் இல்லை, குத்தியபோது மரம் உறுதியாக இருந்தது, முனைகளும் உலர்ந்திருந்தன. உத்தரத்தின் இரு முனைகளுக்கும் இடையே நைலான் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் உள்ள இடைவெளியை அளந்தோம். 38 மி.மீ. இருந்தது. ஆக, நோய் முதலாவதும் ஐந்தாவதும்: கூடுதல் சுமையும் தவழ்வும்.

3. ஒரு சிறு கணக்கு

இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட தூரம் 3.6 மீட்டர். உத்தரம் 50 மி.மீ. அகலம், 150 மி.மீ. உயரம். தொட்டி இரண்டு உத்தரங்களின் நடுவில் இருப்பதால் ஆளுக்குப் பாதிச் சுமை. சீலிங்கின் எடையையும் மரத்தின் எடையையும் விட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் நடுவில் குவிந்த சுமையாக எடுத்துக்கொள்வோம். மரத்தின் மீட்சிக் குணகம் ஒரு சதுர மி.மீட்டருக்கு 10,000 நியூட்டன் என்று கொள்வோம்.

பழைய தொட்டி: 50 கேலன் என்பது 227 லிட்டர், அதாவது 227 கிலோ. ஓர் உத்தரத்தின் பங்கு ஏறக்குறைய 114 கிலோ. அதனால் வரும் தொய்வு 7.7 மி.மீ. விளிம்பு இழைகளில் ஏற்படும் தகைவு ஒரு சதுர மி.மீட்டருக்கு 5.3 நியூட்டன்.

புதிய தொட்டி: 150 கேலன் என்பது 682 லிட்டர். ஓர் உத்தரத்தின் பங்கு 341 கிலோ. தொய்வு 23 மி.மீ.; தகைவு 16 நியூட்டன்.

மர உத்தரத்தின் தொய்வு அதன் நீளத்தில் 0.003 பங்கைத் தாண்டக்கூடாது என்பது வடிவமைப்பில் பின்பற்றப்படும் வழக்கமான வரம்பு. 3.6 மீட்டருக்கு அது 10.8 மி.மீ. பழைய தொட்டி வரம்புக்குள் இருந்தது. புதிய தொட்டியோ முதல் நாளே வரம்பைப்போல் இரு மடங்கைத் தாண்டிவிட்டது. பிறகு தவழ்வும் சேர்ந்துகொள்ள, நூல் 38 மி.மீட்டரைக் காட்டியதில் வியப்பில்லை.

உத்தரத்தின்மேல் தவறில்லை. 114 கிலோவுக்குப் பழகிய மரத்தின் தோளில் 341 கிலோவை ஏற்றியது நாங்கள்தான்.

4. நான்கு அடிப் பலகை ஏன் போதவில்லை?

தொய்வு நடுவில் தெரிகிறது. எனவே நடுவில் பலகை அடித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பே. இதில் மூன்று குறைகள் உள்ளன.

ஒன்று, அந்தப் பலகை எந்தச் சுவரையும் தொடவில்லை. அது எடுத்துக்கொள்ளும் சுமையை மறுபடியும் பழைய உத்தரத்திடமே ஆணிகள் வழியாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சுவரிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி, பலகை முடியும் இடத்தில், வளைவுத் திருப்புத்திறன் நடுவில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது. அங்கே பழைய மரம் தனியாகவே நிற்கிறது. அதன் தகைவு 10.7 நியூட்டன், சிறிய தொட்டி இருந்த காலத்தில் நடுவில் இருந்ததைப்போல் இரு மடங்கு.

இரண்டு, உத்தரத்தின் அளவிலேயே அமைந்த நான்கு அடிப் பலகையை, ஆணிகள் சற்றும் நழுவாமல் பொருத்தியதாக வைத்துக்கொண்டாலும் தொய்வு 23இலிருந்து 15 மி.மீட்டருக்குத்தான் குறையும். வரம்பு 10.8.

மூன்று, தொட்டி நிறைந்திருக்கும்போதே பலகை அடிக்கப்பட்டது. ஏற்கெனவே வளைந்த மரத்தின் பக்கத்தில் அந்த நிலையிலேயே ஒரு பலகையைச் சேர்த்தால், இருக்கிற சுமையில் ஒரு கிலோவைக்கூடப் புதிய பலகை ஏற்காது. இனி வரும் சுமையிலும் தவழ்விலும் மட்டுமே அதற்குப் பங்கு. பளுவைத் தூக்கி நிற்பவரின் அருகில் போய்க் கை கட்டி நிற்பதற்கு இது சமம்.

குத்தகையாளர் ஏன் அப்படிச் செய்தார் என்பதும் பிறகு புரிந்தது. சீலிங்கின் வாசல் இரண்டடிச் சதுரம். அதன் வழியாக நீண்ட பலகையை ஏற்றித் திருப்ப முடியாது. கைக்கு வசதியானதைச் செய்தாரே தவிர, உத்தரத்துக்குத் தேவையானதைச் செய்யவில்லை.

5. வலுப்படுத்தும் வழிகள்

அ) சுமையைக் குறைத்தல் அல்லது நகர்த்துதல்

எல்லாவற்றிலும் மலிவான வழி இது. தொட்டியை நடுவிலிருந்து சுவருக்கு 60 செ.மீ. அருகில் நகர்த்தினால், உச்ச வளைவுத் திருப்புத்திறன் ஏறக்குறைய 44 விழுக்காடு குறைகிறது. இடமிருந்தால் பெரிய தொட்டியை வீட்டுக்கு வெளியே தனித் தாங்கியின்மேல் வைப்பது இன்னும் சிறப்பு. எங்கள் வீட்டில் குழாய் அமைப்பும் கூரையின் சரிவும் முதல் வழிக்கு இடம் தரவில்லை. பின்புறத்தில் இரண்டாவதற்கு இடமில்லை.

ஆ) நடுவில் தூண் கொடுத்தல்

தூரத்தைப் பாதியாக்கினால், பரவிய சுமைக்குத் திருப்புத்திறன் நான்கில் ஒன்றாகவும் தொய்வு பதினாறில் ஒன்றாகவும் குறையும். ஆனால், தூண் வாங்கும் சுமை தரைக்குப் போய்ச் சேர வேண்டும். வெறும் தரையோட்டின்மேலோ தடுப்புச் சுவரின்மேலோ தூணை நிறுத்தினால் விரிசல் இடம் மாறுமே தவிரத் தீராது. பாட்டியின் அறை நடுவில் தூண் வைக்க அவரும் சம்மதிக்கவில்லை.

இ) பக்கத் துணை உத்தரம்

பழைய உத்தரத்தின் பக்கத்தில், சுவர் முதல் சுவர் வரை நீளும் புதிய உத்தரத்தைச் சேர்த்துத் திருகாணிகளால் இறுக்குவது இம்முறை. ஒரே அளவுள்ள 2க்கு 6 மரத்தைச் சேர்த்தால் விறைப்பு இரு மடங்காகித் தொய்வு 11.6 மி.மீ. ஆகும். வரம்பை இன்னும் ஒரு மயிரிழையில் மீறுகிறது. ஆனால், 2க்கு 8 மரத்தைச் சேர்த்தால், கூடும் உயரம் 2 அங்குலம்தான் என்றாலும், தொய்வு 6.9 மி.மீட்டருக்கு இறங்கிவிடும். சுமையில் 70 விழுக்காட்டைப் புதிய மரமே ஏற்கும். பழைய மரத்தின் தகைவு 4.8 நியூட்டன் ஆகிறது. சிறிய தொட்டி இருந்த காலத்தைவிடவும் குறைவு. மும்மடி விதியின் வேலை இது.

ஈ) எஃகுத் தகடு சேர்த்தல்

உயரத்திற்கு இடமில்லாதபோது, உத்தரத்தின் பக்கவாட்டில் எஃகுத் தகட்டைப் பொருத்தலாம். எஃகு இந்த மரத்தைவிட ஏறக்குறைய 20 மடங்கு விறைப்பானது. எனவே, 6 மி.மீ. தடிப்பும் 140 மி.மீ. உயரமும் உள்ள ஒரு தகடே தொய்வை 7.8 மி.மீட்டருக்குக் குறைத்துவிடும். தனியாக நின்றால் பக்கவாட்டில் நெளிந்துவிடும் மெல்லிய தகட்டை மரம் பிடித்துக்கொள்கிறது. மரத்தின் சுமையைத் தகடு ஏற்கிறது. 3.6 மீட்டர் தகட்டின் எடை ஏறக்குறைய 24 கிலோ என்பதால், மேலே ஏற்றுவதற்கு ஆள் வேண்டும். தகட்டின் முனைகளிலும் திருகாணிகள் கட்டாயம் தேவை.

6. வேலையின் வரிசை

நான் போட்ட கணக்கை மாமா ஒரு பதிவுபெற்ற பொறியாளரிடம் காட்டினார். அவர் நான் விட்டுவிட்ட எடைகளையும் சேர்த்துச் சரிபார்த்து, நேரில் வந்து பார்த்த பின், மூன்றாவது வழியையே பரிந்துரைத்தார். வேலை இந்த வரிசையில் நடந்தது.

முதலில், கூரைக்குள் செல்லும் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பழைய வீடுகளின் சீலிங் பலகையில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஆகவே, அதை அறுக்காமலும் துளையிடாமலும் மேலிருந்தே வேலை செய்யத் திட்டமிட்டார்கள்.

இரண்டாவதாக, தொட்டி முழுவதும் காலி செய்யப்பட்டது. வலுவூட்டும் பணியில் மிக எளிதானதும் மிக எளிதாக மறக்கப்படுவதும் இந்தப் படிதான். தண்ணீர் வடிந்ததுமே உத்தரம் தானாகச் சற்று நிமிர்ந்தது.

மூன்றாவதாக, பாட்டியின் கட்டில் வேறு அறைக்கு மாறியது. தரையில் கனத்த பலகை விரித்து, அதன்மேல் திருகு முட்டுகள் நிறுத்தப்பட்டன. சீலிங்கின் ஒரு பலகையை மட்டும் முழுதாகக் கழற்றி எடுத்துவிட்டு, முட்டுகளை உத்தரத்தில் நேரடியாகப் பொருத்தினார்கள். நாளுக்குச் சில மில்லிமீட்டராக மெல்ல உயர்த்தினார்கள். அவசரப்பட்டுத் தூக்கினால் மரம் பிளக்கலாம். கூரை ஓடுகள் விலகலாம். பல ஆண்டுகள் வளைந்து கிடந்த மரம் முழுதாக நிமிராது. நூல் 9 மி.மீ. காட்டியபோது நிறுத்திக்கொண்டோம்.

நான்காவதாக, புதிய மரம். சுவரின்மேல் ஒவ்வொரு முனையும் குறைந்தது 3 அங்குலமாவது உட்கார வேண்டும் என்பதால், 12 அடி மரம் போதாது; 13 அடி மரமாக வாங்கினோம். மருந்தேற்றிய, நன்கு உலர்ந்த மரமாகப் பார்த்து எடுத்தோம். இரண்டடி வாசல் பிரச்சினைக்கு ஒரே வழிதான் இருந்தது. பின்புறக் கூரையில் சில ஓடுகளை எடுத்துவிட்டு, மரத்தை வெளியிலிருந்து உள்ளே நுழைத்தார்கள். அடி விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்க, கூடுதல் 2 அங்குலம் மேல்நோக்கி நின்றது.

ஐந்தாவதாக, 12 மி.மீ. திருகாணிகள். மேல் வரிசையும் கீழ் வரிசையும் மாறி மாறி வரும்படி, விளிம்பிலிருந்து 50 மி.மீ. உள்ளே தள்ளித் துளையிடப்பட்டது. விளிம்புக்கு மிக அருகில் துளையிட்டால் மரம் பிளக்கும். இருபுறமும் அகலமான வாஷர் போட்டால்தான் திருகாணித் தலை மரத்துக்குள் அமுங்காது. முனைகளின் அருகிலும் தொட்டியின் நேர் கீழேயும் திருகாணிகள் நெருக்கமாக அமைந்தன. எண்ணிக்கையையும் இடைவெளியையும் பொறியாளரே குறித்துக் கொடுத்தார்.

கடைசியாக, முட்டுகள் மெல்லத் தளர்த்தப்பட்டன, தொட்டி நிரப்பப்பட்டது. மறுநாள் நூல் 17 மி.மீ. காட்டியது. அதாவது, தொட்டி கூட்டிய தொய்வு 8 மி.மீ. என் கணக்கு 6.9 மி.மீ. திருகாணித் துளைகளில் ஏற்படும் சிறு நழுவலும் நான் விட்டுவிட்ட எடைகளும் அந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம் என்று பொறியாளர் விளக்கினார். மூன்று மாதம் கழித்து மாமா மறுபடி ஏறி, மரம் காய்ந்து சுருங்கியதால் தளர்ந்திருந்த திருகாணிகளை இறுக்கினார். நூலை அவிழ்க்கவில்லை, அது இன்றும் அங்கேயே இருக்கிறது.

7. சில எச்சரிக்கைகள்

இங்கே சொன்ன எண்கள் ஒரு வீட்டின் ஓர் உத்தரத்திற்கு மட்டுமே பொருந்தும். உங்கள் வீட்டு மரத்தின் இனம், தூரம், சுமை யாவும் வேறு. இக்கட்டுரையை வைத்துக் கேள்வி கேட்கலாம், பலகை வாங்கக்கூடாது.

கரையான் உயிரோடு இருக்கும் மரத்தின் பக்கத்தில் புதிய மரத்தைச் சேர்ப்பது அதற்கு விருந்து வைப்பதாகும். முதலில் கரையானை ஒழிக்க வேண்டும். உளுத்த பகுதியை நீக்க வேண்டும். ஒழுகலை அடைக்க வேண்டும்.

புதிய வீடுகளில் பல, தொழிற்சாலையில் செய்து இரும்புத் தகடுகளால் இணைத்த முக்கோணச் சட்டகங்களைக் கொண்டவை. அவற்றில் ஒவ்வொரு மரமும் மற்றொன்றைச் சார்ந்து நிற்கிறது. ஒரு சட்டத்தை வெட்டினாலும் முழுச் சட்டகமும் வலுவிழக்கும். மேலே விளக்கிய முறைகளை அவற்றுக்கு அப்படியே பயன்படுத்தக்கூடாது.

கட்டமைப்பில் செய்யும் மாற்றங்கள் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்திற்கு உட்பட்டவை. சுவரை இடிப்பதற்கோ தாங்கும் உறுப்பை மாற்றுவதற்கோ முன், உள்ளூராட்சி மன்றத்தில் விசாரித்துக்கொள்வது கடமை. மருந்தேற்றிய மரத்தின் துண்டுகளை வீட்டில் எரிக்கக்கூடாது என்பதையும் நினைவில் கொள்க. அதன் புகை நஞ்சு.

8. குத்தகையாளரிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1) தொய்வுக்குக் காரணம் என்ன என்று கண்டுபிடித்தீர்களா?
2) புதிய மரம் இரண்டு சுவர்களின்மேலும் உட்காருமா?
3) மரம் நிறுத்தி வைக்கப்படுமா, படுக்க வைக்கப்படுமா?
4) பொருத்துவதற்கு முன் சுமை இறக்கப்படுமா?
5) ஆணியா, திருகாணியா? எத்தனை, எங்கே?
6) சுவரும் அடித்தளமும் இந்தச் சுமையைத் தாங்குமா?

இந்த ஆறுக்கும் பதில் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். எங்கள் 400 ரிங்கிட் இரண்டாவது கேள்வியிலேயே மிஞ்சியிருக்கும்.

9. சொற்களைப் பற்றி ஒரு சொல்

இந்த வேலையின்போது ஒரே மரத்துக்கு நான்கு பெயர்கள் வழங்கின. பாட்டி விட்டம் என்றார். மாமா கட்டை என்றார். தச்சர் அலாங் என்றார். பொறியாளர் பீம் என்றார். நான் பாடநூலில் படித்த ராசுக் ஐந்தாவது. தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனபின், அறிவியலை நான் தமிழில் படித்ததே இல்லை. பாட்டிக்கு விளக்க முயன்றபோதுதான் அந்தக் குறை தெரிந்தது. தகைவு, தவழ்வு போன்ற சொற்கள் எனக்கே புதியவை. அகராதியில் தேடிப் பிடித்தேன். ஆனால், பாட்டிக்கு அவை தேவைப்படவில்லை. “மேல இருக்கிறது நசுங்குது, கீழ இருக்கிறது இழுபடுது” என்றதும் புரிந்துகொண்டார்.

கழக நண்பர்களின் பயனுக்காகச் சில சொற்கள்: உத்தரம் அல்லது விட்டம் – ராசுக், அலாங், கைமரம் – காசாவ், முகட்டு மரம் – துலாங் பெராபுங், தூண் – தியாங், கரையான் – அனாய்-அனாய். தச்சரிடம் பேசும்போது மலாய்ச் சொல் உதவும். வீட்டில் விளக்கும்போது தமிழ்ச் சொல் உதவும். இரண்டும் தெரிந்தவரே நடுவில் நிற்க முடியும்.

முடிவுரை

உத்தரத்தை வலுப்படுத்துவது என்பது மரத்தோடு மரத்தைச் சேர்ப்பதன்று. சுமை எங்கே தொடங்கி, எதன் வழியாகச் சென்று, எங்கே தரையைச் சேர்கிறது என்ற பாதையைக் கண்டுபிடித்து, அந்தப் பாதை முழுவதையும் பலப்படுத்துவதாகும். நடுவில் மட்டும் பலகை அடித்தால் பாதை இடையில் அறுந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் நடந்த முதல் பழுதுபார்ப்பு கற்பித்த பாடம் இதுவே.

அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். சீலிங் எங்காவது இறங்கியிருக்கிறதா, பலகை இணைப்பு விலகியிருக்கிறதா, சுவரில் மண்குழாய் ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஒரு நைலான் நூலும் ஓர் அடிக்கோலும் போதும். பாட்டி தம் பழைய அறைக்கே திரும்பிவிட்டார். இன்னும் படுக்கையிலிருந்து மேலே பார்க்கிறார். தொலைபேசியில் பேசும்போதெல்லாம், “நூல் எவ்வளவு காட்டுதுன்னு வந்து பாரும்மா” என்று என்னை வீட்டுக்கு அழைக்கிறார்.